ஒண்டுக்குடித்தன நெட்வொர்க்

சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவனைச் சொந்தக்காரர் வீட்டில் உட்காரவைத்துக் காபி கொடுத்ததும் வரும் கேள்விகளில் ஒன்று, பல வருடங்களாக மாறவே இல்லை. “ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபைலதான் இருக்கு. ரெண்டுலயும் நெட் வருது. ஆனா இதுலேர்ந்து அதைப் பார்த்தா ஒண்ணுமே தெரியலையே, ஏன்?” கேட்பவர் மயிலாப்பூர் அத்தையாக இருக்கலாம், தி.நகரில் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பராக இருக்கலாம், அடையாறில் ரிட்டையராகி உட்கார்ந்திருக்கும் மாமாவாக இருக்கலாம். ஹால் கணினிக்கும் படுக்கையறை லேப்டாப்புக்கும் நடுவில் பதினைந்தடி இருக்கும். நியூ ஜெர்சியில் பேரன் பல் விளக்குவது துல்லியமாகத் தெரிகிறது. பதினைந்தடி தள்ளியிருக்கும் ஃபோல்டர் தெரியவில்லை.

இதற்குச் சின்ன பதில் உண்டு. நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்பதிலிருந்து ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள், டிஸ்கவரியை ஆன் செய்யுங்கள், யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாதி சமயம் இதிலேயே சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு அந்தப் பதில் போதாது. ஏன் இத்தனை இடத்தில் இத்தனை பூட்டு, யார் போட்டது, எப்போது போட்டது என்று பார்க்கப்போனால் விஷயம் 1984இலிருந்து ஆரம்பிக்கிறது. கோப்புப் பகிர்வு என்று நாம் சொல்லும் இந்தச் சமாசாரம் எந்த மாதிரி வீட்டுக்காக எழுதப்பட்டது, எந்த மாதிரி வீட்டில் இன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்ற இடைவெளியில்தான் இந்தக் கோளாறுகள் எல்லாமே இருக்கின்றன.

எந்த மாதிரி வீடு என்றால், ஒண்டுக்குடித்தன வீடு. கபாலி கோயிலைச் சுற்றியும் திருவல்லிக்கேணியிலும் அப்படிப்பட்டவை நிறைய இருந்தன. தெருப்பக்கம் ஒரே வாசல் கதவு. உள்ளே ரேழி, முற்றம், பொதுக் கிணறு, இரண்டு பக்கமும் வரிசையாகக் குடித்தனங்கள். இரவில் வாசல் கதவுக்குத்தான் தாழ்ப்பாள். உள்கதவுகள் சும்மா சாத்தியிருக்கும். முற்றத்தில் நின்று “காபிப்பொடி இருக்கா?” என்று குரல் கொடுத்தால் யாராவது ஒருவர் பதில் சொல்வார். உள்ளே இருப்பவர் எல்லாரும் தெரிந்தவர் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே விதி. சண்டையும் நிறைய இருந்தது, அது வேறு கதை.

1984 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் ‘பி.சி. நெட்வொர்க்’ என்ற ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே அலுவலகத்தில் இருக்கும் பி.சி.க்களைக் கோஆக்ஸியல் கேபிளில் கோத்து, வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பேசவைக்கும் ஏற்பாடு. இதற்கான நெட்பயாஸ் என்ற பேச்சு முறையை ஐ.பி.எம்முக்காக எழுதியது சைடெக் என்ற நிறுவனம். அதன்மேல் கோப்புகளைக் கேட்டு வாங்கும் முறையை எழுதியவர் ஐ.பி.எம்மில் இருந்த பேரி ஃபைகன்பாம். முதலில் தன் பெயரின் முதலெழுத்துக்களான பி.ஏ.எஃப். என்பதையே வைத்திருந்தாராம், பிறகு அது எஸ்.எம்.பி. ஆனது. சர்வர் மெசேஜ் பிளாக். அடுத்த வீட்டு ஃபோல்டரைத் திறக்க விண்டோஸ் இன்றுவரை பயன்படுத்துவது இதன் வாரிசைத்தான். (அதே 1984 நவம்பரில்தான் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்து இறக்குமதியைத் தளர்த்தியது. நம் ஊர் ஆபீஸ்களில் நெட்வொர்க் இருக்கட்டும், கணினியே அப்போது ஏ.சி. அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் தரிசிக்க வேண்டிய வஸ்து.)

நெட்பயாஸில் முகவரிப் புத்தகம் கிடையாது. எல்லாமே முற்றத்தில் நின்று குரல் கொடுக்கும் முறைதான். ஒரு கணினி விழித்ததும் “நான் இன்னார், இந்தப் பெயரில் வேறு யாராவது இருக்கீங்களா?” என்று கேபிள் முழுக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் பெயர் அதற்குச் சொந்தம். பிறகு யாராவது “இன்னார் எங்கே?” என்று கேட்டால் அது எழுந்து “இங்கே” என்று சொல்லும். பெயருக்கு 16 இடம். அதில் கடைசி இடம் நான் கோப்பு தருபவனா, வெறும் குடித்தனக்காரனா என்ற குறிப்புக்குப் போய்விடும். மிச்சம் 15. ஆங்கிலத்தில் ‘திருவான்மியூர்-பிசி’ என்று பெயர் வைத்துப் பாருங்கள், 16 எழுத்து வரும். கடைசி எழுத்து உதிர்ந்துபோய் ‘திருவான்மியூர்-பி’ என்றே அந்தக் கணினி காலம் தள்ளும். இரண்டு கணினிக்கு ஒரே பெயர் வைத்தால் இரண்டாவதாக எழுந்தது நெட்வொர்க்கிலேயே சேர முடியாது. ஒரே சிடியிலிருந்து பத்து மெஷினுக்குக் காப்பி அடித்த இடங்களில் இது தினசரித் தகராறு.

இந்த முறை பெருவாரியான மக்களிடம் வந்த மாதம் 1995 ஆகஸ்ட். 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையத்தைத் தொடங்கியது. மெட்ராஸும் முதல் நகரங்களில் ஒன்று. 24ஆம் தேதி விண்டோஸ் 95 வெளியானது. அதன் திரையில் ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’ என்று ஒரு படம் இருந்தது. நெட்வொர்க் அக்கம்பக்கம். ஒன்பது நாள் இடைவெளியில் உலகத்துக்கு ஒரு ஜன்னலும் பக்கத்து அறைக்கு ஒரு கதவும் வந்தன. இரண்டில் எது வேலை செய்தது என்று கேட்டால், சந்தேகமில்லாமல் கதவு. மோடம் வழியே வெளியே போகும் வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். கட்டடத்துக்குள் ஓடும் ஈதர்நெட் 10 மெகாபிட். ஆயிரம் மடங்கு வித்தியாசம். உலகத்துக்கு ஒரு படம் அனுப்புவது பிரம்மப் பிரயத்தனம், பக்கத்து மேஜைக்கு அனுப்புவது சுலபம். இன்று நிலைமை சரியாகத் தலைகீழ். இது தொழில்நுட்பத்தின் இயல்பான வளர்ச்சி இல்லை, இடையில் சில விஷயங்கள் நடந்தன.

அந்தக் காலத்துச் சென்னையில் இரண்டுக்கு மேற்பட்ட கணினிகள் ஒன்றாக இருந்த இடங்கள் கம்ப்யூட்டர் சென்டர்கள், டி.டி.பி. கடைகள், கொஞ்சம் பின்னால் பிரவுசிங் சென்டர்கள். பழைய சென்டர்களில் ஒல்லியான கோஆக்ஸியல் கேபிள் ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் போகும். அதிகபட்சம் 185 மீட்டர், 30 மெஷின். இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்று ஒரு சின்ன மூடி. அதில் 50 ஓம் தடை ஒன்று இருக்கும், அவ்வளவுதான். பெருக்குகிற அம்மா துடைப்பத்தால் அதைத் தட்டிவிட்டால் மொத்த வரிசையும் படுத்துவிடும். திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்ப் போனால் எல்லாம் அணையுமே, அதேபோல. எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் தவழ்ந்து பார்ப்பதுதான் ட்ரபிள்ஷூட்டிங். பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹப்பும், கிரிம்பிங் டூலும், நீல கேபிளும் மலிந்தன. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. சஷ்டி கவசம் மாதிரி இதை மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை இந்த நகரத்தில் இருக்கிறது. ஹப் வாங்கக் காசில்லாமல் இரண்டு கணினியை நேராக இணைத்தால் ஒரு பக்கத்தில் முதல் கம்பியை மூன்றாவதோடும் இரண்டாவதை ஆறாவதோடும் மாற்ற வேண்டும். ஒருவர் பேசும் கம்பி மற்றவர் கேட்கும் கம்பியாக வேண்டுமே, அதற்கு.

கம்பி சரியானாலும் அக்கம்பக்கம் சரியாகத் தெரிந்துவிடாது. நெய்பர்ஹுட் பட்டியலை யார் வைத்திருப்பது என்பதற்குக் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தின. நிஜமாகவே நெறிமுறையில் அதற்குத் தேர்தல் என்றுதான் பெயர். சர்வர் விண்டோஸ் இருந்தால் அதற்கு முன்னுரிமை. இல்லையென்றால் ரொம்ப நேரமாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின். அதிலும் சமநிலை என்றால் அகர வரிசையில் முன்னால் வரும் பெயர். ஜெயித்தவர் ‘மாஸ்டர் பிரவுசர்’, அதாவது பட்டியல்காரர். ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை “உள்ளேன் ஐயா” சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்லாவிட்டால்தான் பெயர் நீங்கும், 36 நிமிடம். பட்டியலின் நகல் வைத்திருக்கும் துணைக் கணினி 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பித்துக்கொள்ளும். கூட்டினால் 51. ஆக, அணைத்துவிட்ட ஒரு கணினி 51 நிமிடம் வரை பட்டியலில் உயிரோடு இருக்கலாம். 2008க்குப் பிறகு சென்னையில் மின்வெட்டு மும்முரமாக இருந்த வருடங்களில், கரண்ட் போய் வந்த பிறகு இல்லாத மெஷின்கள் திரையில் இருக்கும், கண்ணெதிரே ஓடுகிற மெஷின் இருக்காது. பேய் பிசாசு ஒன்றும் இல்லை. பட்டியல்காரர் அணைந்துபோய், புதுத் தேர்தல் முடியவில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்பது உண்மையான, கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய தீர்வு.

இன்னும் சில அற்பக் காரணங்கள் உண்டு. எக்ஸ்பி ஹோம் பதிப்பில் குழுவின் பெயர் ‘எம்.எஸ்.ஹோம்’ என்று இருக்கும், ப்ரோ பதிப்பில் ‘வொர்க்குரூப்’. ஒரே வீட்டில் இரண்டு பதிப்பும் இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டே வேறு வேறு குடும்பம். ஹோம் பதிப்பில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபோல்டருக்குள் வர முடியாது, ப்ரோவில் பத்து. ஃபோல்டர் இருந்த மெஷின் போக இன்னும் ஆறு மெஷின் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் ஒன்று மட்டும் பிடிவாதமாக உள்ளே வராததற்கு வைரஸ் என்று பழி போட்டார்கள்.

தமிழில் வேலை செய்தவர்களுக்கு இதற்கெல்லாம் மேல் ஒன்று இருந்தது. ஃபோல்டர் திறக்கும், கோப்பு முழுசாக வந்துசேரும், திறந்தால் எழுத்து இருக்காது. ‘ªêŸ’ போன்ற கிறுக்கல்கள் இருக்கும். அனுப்பியவர் ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டியிருப்பார், பெறுபவரிடம் வேறொரு நிறுவனத்தின் எழுத்துரு. ‘அ’ எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்பதில் ஒவ்வொருவரும் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு இதைத் தீர்க்கத்தான் டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. அதற்கு முன்பே வெளிநாடுகளிலும் இங்குமாக இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய டிஸ்கி இருந்தது. ஆக ஒன்றுக்கு மூன்று தரம். யூனிகோடைத் தமிழக அரசு அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல். அதுவரை தி.நகர், மயிலாப்பூர் டி.டி.பி. கடைகளில் ஒரு விதி இருந்தது: கோப்பு கொண்டுவந்தால் ஃபான்டையும் கூடவே கொண்டு வா. இரண்டு கணினி பகிர்ந்துகொள்வதற்குக் கம்பியும் நெறிமுறையும் போதாது, எழுத்துக்கு எண் எது என்பதிலும் உடன்பாடு வேண்டும் என்பதை நம் ஆட்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த ஆள் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991 டிசம்பரில் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். துறையில் இருந்த யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைத் தன் மேஜைமேல் இருந்த பி.சி.யிலிருந்து திறக்க வேண்டும். அதற்கு டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்ற மென்பொருள் ஒரு பக்கம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. அது என்ன மொழியில் பேசுகிறது என்பதற்கான ஆவணம் அவர் கையில் இல்லை. கம்பியில் போகும் பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் ஒரு புரோகிராம் எழுதினார். இவர் இதைச் செய்தால் அது இப்படிக் கேட்கிறது, அதற்கு அந்தப் பக்கம் இப்படிப் பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து அந்தப் பதில்களைத் தானே தரும் ஒரு சர்வரை எழுதி, 1992 ஜனவரியில் வெளியிட்டுவிட்டார். தான் எழுதியது எஸ்.எம்.பி. என்பதே அவருக்கு அப்போது தெரியாது. பின்னாளில் இதை விளக்கும்போது, பிரெஞ்சு தெரியாத ஒருவன் காபிக்கடையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் சர்வர் என்ன கொண்டுவருகிறார் என்று கவனித்தே மொழியைக் கற்பதோடு ஒப்பிட்டார். ரத்னா கேஃபில் உட்கார்ந்த வடநாட்டுக்காரர் ‘சாம்பார்’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்வதும் அந்த வழியில்தானே.

1994இல் அவர் வைத்திருந்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயர் என்று கடிதம் வந்தது. கணினியில் இருந்த அகராதியில் எஸ், எம், பி மூன்றும் அந்த வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். வந்தவற்றில் ஒன்று சாம்பா. இன்று வீட்டு ரூட்டரில் பென்டிரைவைச் செருகினால் எல்லா அறைக்கும் தெரிகிறது என்றால், சின்ன ‘நாஸ்’ பெட்டியில் குடும்பப் படங்கள் எல்லாருக்கும் வருகின்றன என்றால், உள்ளே ஓடுவது பெரும்பாலும் சாம்பாதான். ஐ.ஐ.டி. வளாகத்தில் கஜேந்திரா சர்க்கிள் பக்கத்து வகுப்பறையில் சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதம் ஒரு சனிக்கிழமை கூடிவந்த காலத்தில், சாம்பா இருந்ததால்தான் லினக்ஸை ஒரு விண்டோஸ் ஆபீஸுக்குள் கொண்டுபோக முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தன் நெறிமுறையின் விவரங்களைத் தர மறுத்த வழக்கில் ஐரோப்பிய ஆணையம் 2004இல் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. அதன் தொடர்ச்சியாக, 2007 டிசம்பரில் 10,000 யூரோ கொடுத்து சாம்பா குழு ஆவணங்களைப் பெற்றது. பதினாறு வருடம் ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழிக்கு ஒருவழியாக இலக்கண நூல் கிடைத்தது.

இதற்கிடையில் வீடு மாறிவிட்டது. 1998 நவம்பரில் தனியாருக்கு இணைய சேவை திறந்துவிடப்பட்டது. பின்னாளில் சிஃபி என்று பெயர் மாறி தரமணி டைடல் பார்க்கிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே முதலில் நுழைந்தது. 2000க்குப் பிறகு சென்னையின் பல தெருக்களில் இணையம் வீட்டுக்குள் வந்தது போன் கம்பி வழியாக இல்லை, கேபிள் டி.வி.காரர் வழியாக. மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு நீல ஈதர்நெட் கம்பி, நடுவில் தண்ணித் தொட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு ஸ்விட்ச். ஐப்பசி மழையில் ஒரு இடி இடித்தால் வரிசையாக நாலு ஸ்விட்ச் காலி. இப்படி இழுக்கப்பட்ட கம்பியில் பிரித்துவைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால், மொத்தத் தெருவும் நெட்பயாஸுக்கு ஒரே முற்றம்தான். நெய்பர்ஹுட்டைத் திறந்தால் உண்மையான அக்கம்பக்கமே வந்து நிற்கும். மூன்றாம் வீட்டு டாக்டரின் கணினி, எதிர் ஃப்ளாட் கல்யாண ஆல்பம், யாரோ ஒருவரின் வருமான வரிக் கணக்கு. அமெரிக்காவில் கேபிள் மோடம் வந்த புதிதிலும் இதே கூத்துதான். ஒண்டுக்குடித்தனங்கள் இடிக்கப்பட்டு, இரும்பு கிரில் போட்ட ஃப்ளாட்டுகளாக மாறிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அந்த ஃப்ளாட்டுகளின் உள்கதவுகளைக் கம்பி வழியே மறுபடி ஒரே முற்றத்தில் திறந்துவைத்தோம்.

பாஸ்வேர்ட் போட்டவர்கள் பிழைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. விண்டோஸ் 95, 98, எம்.இ. மூன்றிலும் ஃபோல்டர் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இடத்தில் ஒரு ஓட்டை 2000 அக்டோபரில் வெளியே வந்தது. கேட்பவர் எத்தனை எழுத்து அனுப்பியதாகச் சொல்கிறாரோ அத்தனை எழுத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தது அந்த நிரல். “ஒரே எழுத்துதான் அனுப்பியிருக்கேன்” என்று சொன்னால் முதல் எழுத்து பொருந்தினாலே கதவு திறந்துவிடும். ஒரு எழுத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? திருத்தம் உடனே வந்தது, உரிமம் வாங்காத விண்டோஸ் போட்டு அப்டேட்டை அணைத்துவைத்த மெஷின்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

நான் பொறியியல் படித்த காலத்தில் விடுதி நெட்வொர்க்கும் இதே மாதிரி திறந்த முற்றம்தான். சினிமாவும் செமஸ்டர் கேள்வித்தாள்களும் அறைக்கு அறை ஓடின. அந்தச் சுகத்தை நான் மறுக்கப்போவதில்லை.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வானாக்ரை. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை எஸ்.எம்.பி. முதல் பதிப்பில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, சொல்லாமல் தன் ஆயுதமாக வைத்திருந்தது. அதை ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல் ஏப்ரலில் பொதுவெளியில் கொட்டிவிட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியதில்லை, எதையும் அழுத்த வேண்டியதில்லை. ஒரு கணினியில் புகுந்தால் போதும், அது முற்றத்துக்கு வந்து குரல் கொடுத்து, 445ஆம் எண் கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் தானே போய்விடும். கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயின் கேட்கும். 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேல் கணினிகள். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் மாட்டின. மூன்று வருடம் முன்பே கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கும் மறுநாளே அவசரத் திருத்தம் வந்தது. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், அந்தப் புழு ஒரு விநோதமான இணைய முகவரியைத் தேடிப்பார்ப்பதைக் கவனித்து அதைத் தன் பெயரில் பதிவு செய்ய, பரவல் நின்றது. முகவரி கிடைத்தால் வேலையை நிறுத்து என்று உள்ளே எழுதியிருந்தது.

அந்த முதல் பதிப்பு எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சாட்சி. இரண்டு விண்டோஸ் கணினிகள் சந்தித்ததும் எந்த வழக்கில் பேசலாம் என்று ஒரு பட்டியல் நீட்டும். கல்யாண வீட்டில் “எந்த ஊரு, யார் வீட்டுப் புள்ள?” என்று கேட்பதுபோல. எக்ஸ்பி நீட்டிய பட்டியலின் முதல் பெயர் ‘பி.சி. நெட்வொர்க் புரோகிராம் 1.0’. 1984 ஐ.பி.எம். சரக்கு. அந்தப் பூட்டன் பெயரைச் சொல்லாமல் அது வணக்கம்கூடச் சொல்லாது.

மைக்ரோசாஃப்டில் எஸ்.எம்.பி.க்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல், வானாக்ரைக்கு முந்தைய வருடமே, முதல் பதிப்பை நிறுத்துங்கள் என்று பகிரங்கமாக எழுதியிருந்தார். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அது தானாக நிறுவப்படுவது நின்றது. ஏற்கெனவே இருந்தாலும், 15 நாள் பயன்படுத்தாவிட்டால் தானே கழன்றுகொள்ளும். அதோடு அந்தத் தேர்தலும் பட்டியல்காரரும் போனார்கள், இரண்டும் முதல் பதிப்பின் மேல் நின்றவை. அன்றிலிருந்துதான் நம் வீடுகளில் ‘நெட்வொர்க்’கைத் திறந்தால் காலியாக இருக்கிறது. இப்போது பட்டியல் வேறொரு சேவை வழியே வருகிறது. அது ஓடாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது, ஆனால் 192.168.1.5 மாதிரி எண்ணைத் தட்டினால் ஃபோல்டர் திறக்கும். பட்டியலில் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை, இதைத்தான் அத்தைக்கு முதலில் சொல்வேன். பாஸ்வேர்டே இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவும் படிப்படியாக மூடப்பட்டது. 2024இல் வந்த விண்டோஸ் 11 ப்ரோவில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையெழுத்து வேண்டும், விருந்தாளிக்கு அனுமதி இல்லை. தி.நகர் ஆபீஸ்களில் பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் செய்தால் நேராக ஃபோல்டரில் வந்து விழுமே, அது திடீரென்று நின்றுபோனதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மெஷினுக்குத் தெரிந்தது முதல் பதிப்பு ஒன்றுதான்.

திரையில் அதன் பெயரும் தேய்ந்துகொண்டே வந்தது. 95இல் நெட்வொர்க் நெய்பர்ஹுட். எக்ஸ்பியில் மை நெட்வொர்க் பிளேசஸ். விஸ்டாவிலிருந்து வெறும் நெட்வொர்க். முதலில் அக்கம்பக்கம் போய் ‘என்’ வந்தது, பிறகு அதுவும் போனது.

மூடியது சரியா என்றால், சரிதான். பூட்டை யார் யாருக்கோ திறந்துகொடுக்கும் ஒரு கதவை நாற்பது வருடப் பழக்கத்துக்காக வைத்திருக்க முடியாது. ஆனால் அதன் விலை யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புதுப்பிக்கக் காசும் ஆளும் இருந்தவர்கள் ஒரு நாளில் தாண்டிவிட்டார்கள். மற்றவர்கள் ஹாலிலிருந்து படுக்கையறைக்கு ஒரு பி.டி.எஃப். போக வாட்ஸாப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கோப்பு கட்டடத்தை விட்டு வெளியேறி, எங்கோ ஒரு சர்வரைத் தொட்டு, திரும்பப் படியேறி வருகிறது. மாத டேட்டாவும், அந்தரங்கமும், பெரிய கோப்பு என்றால் ஒரு சாயங்காலமும் செலவு.

பெரிய கோப்பு என்றால் எவ்வளவு? மந்தைவெளியில் என் பெரியப்பா வீட்டில் 60 ஜிபி. முப்பது வருடமாகச் சேர்த்த கச்சேரி கேசட்டுகள். ரேடியோவிலிருந்து பதிந்தவை, சபாவில் மடியில் ரெக்கார்டர் வைத்துப் பதிந்தவை, இன்னொரு ரசிகரிடம் கொடுத்து வாங்கியவை. ரிட்டையரான பிறகு, 2004இல் அசெம்பிள் செய்த ஒரு மெஷினில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எம்.பி.3 ஆக்கினார். கேசட்டுகளில் பாதி அதற்குப் பின் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. ஆக, அந்த 80 ஜிபி டிஸ்கில் இருப்பது மட்டும்தான் மிச்சம். டிஸ்க் சில நாளாகக் கிர்ரென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

“டேய், புது லேப்டாப்லேர்ந்து இது தெரியவே மாட்டேங்குது. பழசு செத்துப் போறதுக்குள்ள ஏதாவது பண்ணு.”

பிங் செய்தால் பதில் வந்தது. கம்பி, ரூட்டர் எல்லாம் சரி. எண்ணைத் தட்டினால் ஃபோல்டர் திறக்கவில்லை. பழைய மெஷினுக்கு முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும், புதியது அதைப் பேச மறுக்கிறது. பென்டிரைவ் போடலாமென்றால் பழைய யு.எஸ்.பி. துளையில் செருகினதும் மெஷினே உறைந்தது. புது லேப்டாப்பில் முதல் பதிப்பை இயக்குவது இரண்டு நிமிட வேலை, இணையம் முழுக்க அந்த யோசனைதான் இருக்கிறது. ஒரு இரவுக்கென்று திறக்கும் கதவை யாரும் மறுநாள் மூடுவதில்லை என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

“பெரியப்பா, பழசை வேற ஒரு சிஸ்டத்துல பூட் பண்றேன். உங்க ஃபைல் எதையும் தொடாது, படிக்க மட்டும் செய்யும். சரியா?”

“என்னமோ செய். அழிஞ்சுடாம இருந்தா சரி.”

சின்ன லினக்ஸ் ஒன்றைச் சிடியிலிருந்து ஏற்றினேன். அது பழைய டிஸ்கைப் படிக்கும் நிலையில் மட்டும் திறந்தது. சாம்பாவை ஓடவிட்டு, புதிய பதிப்பில் மட்டும் பேசு என்று ஒரு வரி எழுதி, அவர் பெயருக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்தேன். லேப்டாப்பில் எண்ணைத் தட்டியதும் ஃபோல்டர் வந்தது. 100 மெகாபிட் கம்பியில் வினாடிக்கு 11 எம்.பி. சொச்சம், ஒன்றரை மணி நேரக் கணக்கு. டிஸ்க் நடுநடுவே திணறியதால் மூன்று மணி நேரம் ஆனது. பெரியம்மா இரண்டு தடவை அடை வார்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

பாட்டெல்லாம் வந்துவிட்டது. பட்டியல் கோப்பு மட்டும் கிறுக்கலாகத் திறந்தது. எந்தக் கேசட், யார் பாடியது, எந்த சபா, எந்த வருடம், பக்கவாத்தியம் யார் என்று நானூறு வரிக்கு மேல் அவர் தட்டிவைத்தது. எந்த எழுத்துருவில் தட்டினார் என்று அவருக்கு நினைவில்லை. பழைய மெஷினின் ஃபான்ட் ஃபோல்டரில் தேடியபோது ஏழெட்டு தமிழ் ஃபான்ட் இருந்தன. அத்தனையையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஐந்தாவதில் வரிகள் தமிழாயின. யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துவிட்டு அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் வரியை வாசித்தார். பிறகு, “ஒண்ணாம் நம்பர் கேசட் பி பக்கத்துல பாதிக்கு மேல உன் அப்பா கல்யாணப் பேச்சு இருக்கும். பட்டன் மாத்தி அமுக்கிட்டேன். அதை அதுல எழுதலை, எழுதிடு” என்றார்.